இல்லறச் சக்கரவர்த்தி மெய்க்கீர்த்தி

ஸ்வஸ்திஸ்ரீ! ராஜராஜ சோழ தேவர் தாம் வென்ற நாடுகளை வரிசையாகக் கல்லில் வெட்டி வைத்தார். காந்தளூர்ச் சாலை, வேங்கை நாடு, கங்கபாடி, நுளம்பபாடி, குடமலை நாடு, கொல்லம், கலிங்கம், ஈழம் என்று அந்த மெய்க்கீர்த்தி நீண்டுகொண்டே போகும். படிப்பவருக்கு மெய்சிலிர்க்கும். ஆனாலும் நிதானித்துப் பார்த்தால் அவ்வெற்றிகளில் ஒரு குறை தென்படும். அத்தனைக்கும் யானை வேண்டியிருந்தது, குதிரை வேண்டியிருந்தது, கடல் கடக்க மரக்கலம் வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, தோற்ற நாட்டார் அனைவரும் தாங்கள் தோற்றுப்போனதை அறிந்தே இருந்தார்கள்.

இக்குறை எதுவும் அண்டாத மாமன்னர் ஒருவர் நம் காலத்தில் வாழ்கிறார். இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டில், சோபாவை விட்டு எழாமல், ஒரு துளி ரத்தம் சிந்தாமல், ஒரு மனுஷியின் சிரிப்பு, சிநேகிதம், சம்பளம், பிறந்த வீடு, ஞாபகசக்தி ஆகிய ஐந்து நாடுகளையும் வென்று, தோற்றவர் வாயாலேயே "எல்லாம் என் தப்புதாங்க" என்று சாசனம் எழுதி வாங்கியவர். இப்பேர்ப்பட்ட பெருந்தகைக்கு இதுவரை மெய்க்கீர்த்தி பாட ஒரு புலவன் இல்லை என்பது தமிழுக்கே தலைக்குனிவு. அதைத் துடைக்கவே எளியேன் பேனா எடுத்தேன்.

அவர் திருநாமத்தைச் சொல்வது அபசாரம். விளம்பரம் விரும்பாத பிறவி அவர். ஊரில் யாரைக் கேட்டாலும் "தங்கமான மனுஷன்" என்பார்கள். குடிப்பதில்லை. கை நீட்டியதில்லை. வாட்ச்மேனுக்குத் தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பவர், எதிர்வீட்டுத் தாத்தாவை ஆஸ்பத்திரிக்குத் தம் காரிலேயே அழைத்துப்போகிறவர். வீட்டுக்குள் வந்து, செருப்பைக் கழற்றி, கதவைச் சாத்திய பிறகுதான் அவருடைய முழு மேதைமையும் வெளிப்படும். தன்னடக்கம் மிகுந்தவராதலால் அதற்கு ஒரு சாட்சியைக்கூட அவர் வைத்துக்கொள்வதில்லை.

படையெடுப்பின் தொடக்கமே பேரழகு. மற்ற மன்னர்கள் கோட்டையை முற்றுகையிட்டு உள்ளே தானியம் போகவிடாமல் தடுப்பார்கள். நம் பெருமானோ அன்பைக் கொட்டியே முற்றுகையிட்டார். நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாளிலிருந்து மணிக்கொரு முறை போன். "சாப்பிட்டியா?", "ஆபீஸ் போய்ச் சேர்ந்துட்டியா?", "இப்ப யாரோட பேசிட்டிருந்தே, லைன் பிஸியா இருந்துச்சே?" இந்த மூன்றாவது கேள்விக்கும் முதல் கேள்விக்கும் உள்ள வேறுபாடு அன்றைக்கு அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. அவ்வளவு நேர்த்தியாக இரண்டையும் ஒரே குரலில் கேட்கும் வல்லமை அவருக்கு. நள்ளிரவு வரை அவள் கதைகளையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கறுப்பு என்று அத்தை சொன்னது, பிளஸ் டூவில் மார்க் குறைந்தது, அப்பா பேசாமல் இருந்த வருஷங்கள் என்று அவள் யாரிடமும் திறக்காத பெட்டிகளையெல்லாம் அவரிடம் திறந்தாள். கண்ணீர் மல்கக் கேட்டுக்கொண்ட அந்தக் கருணைக் கடல் ஒன்றையும் வீணாக்கவில்லை. ஒவ்வொன்றையும் பத்திரமாக எடுத்து வைத்திருந்து, பிற்காலத்தில் உரிய சண்டையில், உரிய இடத்தில், குறி தவறாமல் எய்தார்.

சிநேகித நாட்டை அவர் வென்ற விதம் போர்க்கலைப் பாடநூலில் இடம்பெறத் தக்கது. "போகாதே" என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை. தடுப்பது முரடர்களின் வழி. "போயிட்டு வாம்மா, நான் என்ன சொல்லப்போறேன், இருக்கிற பழைய சோத்தைச் சாப்பிட்டுக்கிறேன்" என்பார். அவள் தோழியின் வளைகாப்புக்குப் போய்த் திரும்பினால் விளக்கு எரியாத ஹாலில், நெற்றியில் கை வைத்து, சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார். கேட்டால் "ஒண்ணுமில்லை." ஒரு வாரம் கழித்து, சம்பந்தமே இல்லாத வேளையில், "உன் ஃப்ரெண்ட் உன்னைப் பார்த்துப் பொறாமைப்படறா. உனக்கு வெள்ளை மனசு, தெரியலை" என்று பரிவோடு அறிவுறுத்துவார். இரண்டு ஆண்டுகளில் அவளைக் கூப்பிடும் தோழிகள் இல்லாமல் போனார்கள். பிறகு அவரே வருத்தத்தோடு கேட்டார்: "உனக்குன்னு ஒரு ஃப்ரெண்டுகூட இல்லையே, ஏன்னு யோசிச்சிருக்கியா?"

சம்பள நாடு எளிதில் வீழ்ந்தது. "உனக்கெதுக்கு இந்தக் கணக்குவழக்குத் தலைவலி" என்று ஏடிஎம் கார்டையும் அதன் ரகசிய எண்ணையும் தம் தோளில் சுமந்துகொண்டார். மாதம் முழுதும் உழைத்துச் சம்பாதிக்கும் அந்த அம்மாள் இப்போது ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய் கேட்டு, எதற்கு என்று காரணமும் சொல்லி, மீதிச் சில்லறையும் ஒப்படைக்கும் பேறு பெற்றிருக்கிறாள்.

இனி அவருடைய வெற்றிகளிலெல்லாம் தலையாயதாகிய ஞாபகசக்திப் போர். இக்கலையில் வெள்ளைக்காரர்களும் முயன்றதுண்டு. பாட்ரிக் ஹாமில்டன் 1938-இல் எழுதிய 'கேஸ் லைட்' நாடகத்தில் ஒரு கணவர் வருவார். வீட்டுச் சாமான்களைத் தாமே ஒளித்துவைத்துவிட்டு, மனைவிதான் எங்கோ வைத்து மறந்துவிட்டாள் என்பார். மேல்மாடியில் அவர் ரகசியமாக விளக்கேற்றும்போது கீழே விளக்கு மங்கும். அவள் அதைக் கவனித்துவிடுவாள். அவரோ அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக அவளையே நம்பவைக்கப் பார்ப்பார். 1944-இல் அது ஹாலிவுட் படமாக வந்து, மனைவியாக நடித்த இங்கிரிட் பெர்க்மனுக்கு ஆஸ்கர் கிடைத்தது. பாவம், அந்தக் கணவருக்கு மாடி தேவைப்பட்டது, தேடுவதற்குப் புதையல் போன்ற நகைகள் தேவைப்பட்டன. நம்மவருக்கு வாய் மட்டும் போதும்.

"நேத்து நீங்கதானே ஞாயித்துக்கிழமை அம்மா வீட்டுக்குப் போகலாம்னு சொன்னீங்க?"

"நானா? நான் எப்பச் சொன்னேன்?"

"ராத்திரி சாப்பிடறப்ப..."

"உனக்கு என்ன ஆச்சு? இப்பல்லாம் நீயே எதையாவது நினைச்சுக்கிறே. டாக்டர்கிட்டக் காட்டலாமா?"

எத்தனை அக்கறை பாருங்கள்! இல்லை என்று மறுத்ததோடு நின்றிருந்தால் அவர் சாதாரணப் பொய்யர். மறுப்பின் மேலே மருத்துவக் கவலையையும் போர்த்தியதில்தான் சக்கரவர்த்தியின் கைவண்ணம் இருக்கிறது. அவமானப்படுத்திய பேச்சுக்கு அவள் முகம் வாடினால் "தமாஷுக்குச் சொன்னேன், உனக்கு எதையும் தாங்கிக்கத் தெரியலை" என்பார். கத்தியதை நினைவூட்டினால் "நான் கத்தலை, என் குரலே அப்படித்தான்" என்பார். இதே திருப்பணி ஆண்டுக்கணக்கில் நடந்ததன் பயனாக, அந்த அம்மாள் இன்று கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று நான்கு முறை போய்ப் பார்க்கிறாள். அலுவலகத்தில் நூறு பேர் கணக்கைத் தப்பில்லாமல் பார்ப்பவள், வீட்டில் தன் கண்ணால் கண்டதைச் சொல்வதற்கு முன் அவர் முகத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்கிறாள்.

அவர் அனுஷ்டிக்கும் மௌன விரதத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த மெய்க்கீர்த்தி நிறைவுறாது. முனிவர்கள் காட்டுக்குப் போய்த்தான் மௌனம் காத்தார்கள். இவர் ஹாலிலேயே காப்பார். மூன்று நாள், நான்கு நாள், மனம் உவந்தால் பத்து நாள். என்ன குற்றம் என்று மட்டும் சொல்லமாட்டார். சொல்லிவிட்டால் அவள் திருத்திக்கொண்டு விடுவாளே, பிறகு விரதத்தின் புனிதம் என்னாவது? ஆகவே அவள் கடந்த ஒரு மாதத்துத் தன் வாழ்க்கையை வரிவரியாகப் புரட்டி, சாம்பாரில் உப்பு கூடியதா, அவர் அக்காவிடம் போனில் சீக்கிரம் வைத்துவிட்டோமா, சிரித்துப் பேசியது அதிகமோ என்று ஒவ்வொன்றாகக் குற்றங்களைத் தானே தயாரித்துத் தானே ஒப்புக்கொள்ள வேண்டும். இடையில் அரசாணைகள் குழந்தை வழியாக வரும்: "உங்கம்மாகிட்டச் சொல்லு, சட்டை இஸ்திரி போடணுமாம்." எட்டு வயதுக் குழந்தைக்குத் தூதர் உத்தியோகம் கொடுத்து, சின்ன வயதிலேயே ராஜதந்திரம் பயிற்றுவிக்கும் தந்தை எத்தனை பேருக்கு வாய்ப்பார்!

சில வேளை அந்த அம்மாள் துணிந்து வாய் திறப்பதுண்டு. அப்போது நடப்பதை ஜெனிபர் ஃப்ரெய்டு என்னும் அமெரிக்க உளவியலாளர் 1997-இல் மூன்று படிகளாகப் பிரித்து எழுதினார்: மறுப்பது, எதிர்த்துப் பாய்வது, பிறகு குற்றவாளியே பாதிக்கப்பட்டவராக இடம் மாறிவிடுவது. நம் பெருமான் அந்த அம்மையாரின் பெயரைக்கூடக் கேட்டதில்லை. ஆனாலும் மூன்று படிகளையும் கருவிலே திருவுடையவராக ஏறுவார். "உங்க அண்ணன் முன்னாடி என் சமையலைக் கேலி பண்ணினது கஷ்டமா இருந்துச்சு" என்று அவள் தொடங்குவாள். "யார் கேலி பண்ணினது?" முதல் படி. "நீ எங்க அண்ணன் வந்ததிலிருந்தே மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்தே, உங்க வீட்டுல வளர்ப்பு அப்படி." இரண்டாம் படி. "நாள் பூரா உழைச்சுட்டு வர்றவனுக்கு வீட்டுல நிம்மதி இல்லை. எங்கம்மா அப்பவே சொன்னாங்க, நான்தான் கேக்கலை." மூன்றாம் படி. குரல் தழுதழுக்கும். இரவு பதினொரு மணிக்கு அந்த அம்மாள் பால் காய்ச்சி எடுத்துப் போய் மன்னிப்புக் கேட்பாள். அவர் மன்னித்துவிடுவார். காயம்பட்டவரையே மன்னிக்கும் இந்தப் பெருந்தன்மை வேறெந்த அவதாரத்திலும் காணக் கிடைக்காதது.

இவ்வளவையும் படித்துவிட்டு, எந்நேரமும் அவர் கடுகடுவென்று இருப்பார் என்று யாரும் தப்புக் கணக்குப் போட வேண்டாம். திடீரென்று ஒரு வெள்ளிக்கிழமை நாலு முழம் மல்லிகையும் கால் கிலோ அல்வாவும் வரும். "உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா" என்பார். அந்த ஒரு மாலை வெளிச்சத்தில் அவள் இன்னும் நாற்பது நாள் இருட்டைக் கடந்துவிடுவாள். பி.எஃப். ஸ்கின்னர் என்னும் அமெரிக்க அறிஞர் இதைப் புறாக்களை வைத்துச் சோதித்தார். கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்துவந்த புறா, தீனி நின்றதும் கொஞ்ச நேரத்தில் கொத்துவதை விட்டுவிட்டது. எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் எப்போதாவது கிடைத்துவந்த புறாவோ, தீனியே வராதபோதும் விடாமல் கொத்திக்கொண்டிருந்தது. விஞ்ஞானி ஆய்வுக்கூடம் கட்டிக் கண்டறிந்ததை நம்மவர் அல்வாவிலேயே நிரூபித்துவிட்டார்.

கடைசி ஆயுதம் ஒன்றுண்டு. அவள் பெட்டியை எடுத்துவைக்கும் நாளில் மட்டுமே அதை உறையிலிருந்து எடுப்பார். "நீ போயிட்டா நான் உயிரோட இருக்கமாட்டேன்." தம் இன்னுயிரையே பணயம் வைக்கும் இந்தத் தியாகத்துக்கு முன் எந்தப் பெட்டியும் திரும்பப் பரணுக்குப் போய்விடும். இதில் அவருக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. சில அசடர்கள் அவர் சொன்னதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். உயிர்ப் பிரச்சினை என்றால் மனைவி ஒருத்தி தனியாகச் சுமக்கிற காரியமில்லை என்று 104 என்னும் உதவி எண்ணுக்குப் போன் செய்து ஆலோசகரிடம் பேசவைக்கிறார்கள், அவர் தம்பியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைக்கிறார்கள், மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகிறார்கள். நிஜமாகவே துயரத்தில் இருப்பவர் அதனால் உயிர் பிழைப்பார். நம் பெருமானுக்கோ மானமே போகும்.

இவ்வரச மரபு நேற்று முளைத்ததன்று. கம்பர் அதற்கு மந்தரை சூழ்ச்சிப் படலம், கைகேயி சூழ்வினைப் படலம் என்று இரண்டு படலங்கள் ஒதுக்கியிருக்கிறார். ராமனுக்கு முடிசூட்டு என்று கேட்டதும் மகிழ்ந்து மாலை பரிசளித்தவள் கைகேயி. அந்த மகிழ்ச்சியே அவளுடைய பேதைமை என்று கூனி மந்தரை சிறிது நேரத்தில் அவளை நம்பவைத்தாள். அன்றிரவே கைகேயி நகைகளைக் களைந்து தரையில் கிடந்தாள். தசரதர் தாமே கொடுத்த வாக்கில் தாமே கட்டுண்டு விழுந்தார். ஆகவே இது ஆண்குலத்தின் தனிச்சொத்து என்று யாரும் உரிமை கொண்டாட முடியாது. மகன் தனக்குப் பிடித்த பெண்ணின் பெயரைச் சொன்ன மறுகணம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் தாய்மார்கள், "உன்னைப் பெத்து வளர்த்ததுக்கு இதுதான் கூலியா" என்று மாதம் தவறாமல் கணக்கு நீட்டும் தந்தையர், "இது ஆபீஸ் இல்லைப்பா, குடும்பம்" என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமையும் வரவழைக்கும் மேலதிகாரிகள் என்று இக்குலத்தின் கிளைகள் ஆலமரமாய் விரிந்திருக்கின்றன. எல்லோருக்கும் எம் வணக்கம்.

இனி, இத்தகைய பொற்கால ஆட்சிக்கு ஊறு விளைவிக்கும் அற்பப் பொருள்கள் சிலவற்றைக் குறிப்பிட வேண்டும். ராஜபக்தி உடையோர் விலக்கி நடப்பதற்காகவே சொல்கிறேன்.

அவற்றில் கொடியது பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம். இன்ன தேதியில் இன்ன நேரத்தில் அவர் இன்னது சொன்னார் என்று அன்றன்றே எழுதிவைக்கும் கெட்ட பழக்கம் சிலருக்குண்டு. "நான் எப்பச் சொன்னேன்?" என்று அவர் மறுநாள் திருவாய் மலர்ந்தருளும்போது, அந்த நோட்டைத் தனியே புரட்டிப் பார்த்துவிட்டு, பேதலித்தது தன் புத்தி அல்ல என்று தெரிந்துகொள்கிறார்கள். அதை அவரிடம் காட்டி வாதாடவும் மாட்டேன் என்கிறார்கள். அலுவலக டிராயரிலோ அக்கா வீட்டிலோ பூட்டி வைத்துவிடுகிறார்கள். அதனால் அவருக்குக் கிழித்துப்போடும் வாய்ப்பும் கிட்டுவதில்லை.

அதற்கடுத்த பகை, பழைய தோழி. எத்தனை வருஷம் பேசாமல் இருந்தாலும் ஒரே ஒரு போனில் மறுபடி முளைத்துவிடும் களை அது. நடந்ததை முதன்முதலாக வெளியாள் ஒருவரிடம் உரக்கச் சொல்லும்போது, சொல்பவர் காதிலேயே அது விகாரமாக விழுந்துவிடுகிறது. நான்கு சுவருக்குள் மட்டுமே ஒளிவீசும் மாட்சிமை சாட்சியின் முன் மங்குவது இயற்கைதானே.

மூன்றாவது, சுருக்கமான பதில். அவருடைய அரசவையில் விளக்கங்களே திறைப் பொருள். எவ்வளவு நீளமாக விளக்குகிறார்களோ அவ்வளவு நூல் அவர் கைக்குக் கிடைக்கும். சில துரோகிகள் "எனக்கு அப்படித் தோணலை", "இதைப் பத்தி நீங்க கத்தாம இருக்கறப்போ பேசலாம்", "நான் போயிட்டு ஆறு மணிக்கு வந்துடுவேன்" என்று ஒரு சில சொற்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மௌன விரதத்தின்போது காரணம் கேட்டுக் கதவருகே நிற்காமல், தங்கள் பாட்டுக்குச் சாப்பிட்டுவிட்டுக் குழந்தையோடு கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். பார்க்க ஆளில்லாத விரதத்தை எந்த முனிவரால் எத்தனை நாள் தாங்க முடியும்? தன் பெயரில் மட்டும் வங்கிக் கணக்கு, தன் கையில் ஆதாரும் படிப்புச் சான்றிதழும், போனுக்குப் புதுக் கடவுச்சொல் என்று இவர்கள் செய்யும் அக்கிரமங்களுக்கு அளவில்லை. இத்தனையும் கண்டு அவர் சினந்து, இதுவரை நீட்டாத கையையும் நீட்டக்கூடும் என்று தோன்றினால், வாதத்தை விட்டுவிட்டு முதலில் பத்திரமான இடத்துக்குப் போய்விடுகிறார்கள். எத்தகைய கோழைத்தனம்!

நன்றிகெட்ட நாடாளுமன்றமும் இதில் கைகோத்திருப்பதுதான் தாங்க முடியாத கொடுமை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் என்று 2005-இல் ஒன்றை இயற்றி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். அதன் 3-ஆம் பிரிவு அடியை மட்டும் வன்முறை என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். சொல்லாலும் மனத்தாலும் வதைப்பது, காசு கொடுக்காமல் முடக்குவது எல்லாம் வன்முறையே என்று எழுதிவைத்திருக்கிறார்கள். மனைவிக்கு மட்டுமின்றி, ஒரே கூரையின்கீழ் வாழும் தாய், சகோதரி, மணமாகாமலே மணவாழ்வு போல வாழ்பவள் ஆகியோருக்கும் இதில் இடமுண்டு. பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவரை நியமித்து, மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுக்கவும் வழி செய்திருக்கிறார்கள். அவளை வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்று உத்தரவு வாங்கலாமாம். பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமாம். இங்கிலாந்துக்காரர்கள் இன்னும் மோசம். நெருங்கிய உறவில் ஒருவரை இப்படி இடைவிடாமல் அடக்கியாள்வதே குற்றம் என்று 2015-இல் சட்டமியற்றி, ஐந்தாண்டு வரை சிறை என்றார்கள். ஹாமில்டன் பிறந்த மண் அல்லவா, அங்கே கலைஞர்களுக்கு என்றுமே மதிப்பில்லை.

அன்பார்ந்த வாசகப் பெருமக்களே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உங்கள் மகள் வாழப்போன வீட்டிலோ இத்தகைய பேரன்பர் ஒருவர் அரசாண்டுகொண்டிருக்கலாம். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா, குடிக்கிறாரா, அடிக்கிறாரா?" என்று கேட்டு அவள் வாயை அடைத்து, அவருடைய ஆட்சி தழைக்க உங்களால் ஆன தொண்டைத் தொடர்ந்து செய்துவாருங்கள். அவள் சொல்வதை உட்கார்ந்து முழுவதும் கேட்டுவிடாதீர்கள், கேட்டால் நம்பிவிடுவீர்கள். மாவட்டந்தோறும் இருக்கும் சகி ஒருங்கிணைந்த சேவை மையத்துக்குத் தவறியும் வழி காட்டாதீர்கள். முக்கியமாக, பெண்களுக்கான இலவச உதவி எண் 181, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள் என்ற செய்தியை அவள் காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.